கொரோனா காலத்தில் மின்சாரக் கார் ஏன் வாங்கினார்கள்?

மயிலாப்பூருக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1895-லேயே சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னாளில் மயிலாப்பூர்க்காரர்களும் அதில்தான் போய்வந்தார்கள். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்தது. தி.நகர்வாசிகள் மாம்பலத்தில் ஏறிக்கொண்டார்கள். 1953-ல் டிராம் நின்றுபோனது. அதன்பிறகு மின்சாரம் ரயிலுக்கு, பெட்ரோல் காருக்கு என்று ஆகிவிட்டது.

கொரோனா காலத்தில் இது கொஞ்சம் மாறியது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம் பயம். 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாம் நின்றன. மாநகரப் பேருந்து திரும்ப ஓடியது செப்டம்பர் 1-ல்தான். மெட்ரோ 7-ம் தேதி. ஓடினாலும், பக்கத்து சீட்டில் யாராவது இருமினால் இறங்கிவிடத் தோன்றிய நாட்கள் அவை. பணம் இருந்தவர்கள் சொந்த வண்டி தேடினார்கள்.

ஆனால் பயத்துக்குப் பெட்ரோல் காரே போதுமே? மின்சாரக் கார் எதற்கு?

இரண்டாவது காரணம் இங்கேதான் வருகிறது. 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அடியோடு சரிந்தது. அந்தப் பலன் நமக்கு வரவில்லை. மே மாதத்தில் மத்திய அரசு பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியது. மாநில அரசும் வாட் வரியை உயர்த்தியது. 2021 ஜூலை 2 அன்று சென்னையில் ஒரு லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் செலவு. அன்று வீட்டு மின்சாரத்தின் அதிகபட்சக் கட்டணம் யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 காசு. யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடினாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான்!

மூன்றாவது, வரிச்சலுகை. இது கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. 2019 ஆகஸ்டில் மின்வாகன ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் சுமார் 14 லட்சத்துக்கு வந்தது. அதே நவம்பரில் தமிழக அரசு மின்வாகனங்களுக்குச் சாலை வரியை முழுவதும் நீக்கியது. அதே விலையுள்ள பெட்ரோல் காருக்கு அன்று அந்த வரி 15 சதவீதம், அதாவது சுமார் 2 லட்சம்.

ஆக, கார் வாங்க வைத்தது கொரோனா. அதை மின்சாரக் காராக்கியது பெட்ரோல் விலையும் வரிச்சலுகையும்.

இரண்டாம் உலகப் போரிலும் இப்படித்தான். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கரிவாயுவில் பேருந்து ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். அதற்கான கருவியையே தயாரித்தது. பெட்ரோல் தாராளமானதும் கரி மறைந்தது. மின்சாரக் கார் அப்படி மறையவில்லை. ஊரடங்கு முடிந்தும் அதன் செலவு குறைவுதானே!

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சொந்தமாகக் கார் நிறுத்த இடமும், அங்கே ஒரு பிளக்கும் இருந்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். தி.நகர் கடைகளில் நின்று வேலை பார்த்தவர்களும், அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்களும் பயத்தோடு அதே பேருந்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

டிராம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கொரோனா கால மின்சாரக் கார் அப்படியல்ல. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. டிராம் நின்று 72 வருடங்கள் கழித்து, டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற மின்சார வண்டிகள் சென்னைச் சாலையில் திரும்பவும் வரிசையாக ஓடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.