தைராய்டு பிரச்சனை: 10-ல் ஒருவருக்கா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"எனக்கும் தைராய்டு இருக்கு" என்று சொல்பவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். உண்மையில் தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி அது. அதில் ஹார்மோன் குறைவாகவோ அதிகமாகவோ சுரந்தால்தான் பிரச்சனை.

எத்தனை பேருக்கு?

சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், கோவா ஆகிய இடங்களில் 5,000-க்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் 10.95 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம், அதாவது ஹார்மோன் குறைபாடு இருந்தது. 'பத்தில் ஒருவர்' என்று சொல்லப்படுவது இதை வைத்துத்தான்.

ஆனால், இதில் கவனிக்க வேண்டியது வேறு. 7.48 சதவீதம் பேருக்குத் தங்களுக்குப் பாதிப்பு இருப்பது முன்பே தெரியும். மீதி 3.47 சதவீதம் பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் தெரிந்தது! பெண்களில் 15.86 சதவீதம், ஆண்களில் 5.02 சதவீதம் என பாதிப்பு மூன்று மடங்கு வித்தியாசம் காட்டியது.

கடலோரம் என்றால் தப்பிக்கலாமா?

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறைபாடு வராது, அதனால் தைராய்டும் வராது என்ற பேச்சு உண்டு. கடலோர நகரங்களில் பாதிப்பு கொஞ்சம் குறைவுதான். ஆனால் கொச்சியில் 971 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 3.9 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசமும், 9.4 சதவீதம் பேருக்கு அதன் ஆரம்பநிலையும் இருந்தது.

காரணம், அயோடின் மட்டுமே இங்கு பிரச்சனை இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ பாதிப்பும் முக்கியக் காரணம். எட்டு நகர ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு இதைக் காட்டும் எதிரணு ரத்தத்தில் இருந்தது. உப்பை மாற்றினால் இது சரியாகிவிடாது.

எல்லோரும் மாத்திரை போடணுமா?

இல்லை. டிஎஸ்எச் லேசாக உயர்ந்து, டி4 நார்மலாக இருந்தால் அது ஆரம்பநிலை. பலருக்கு சில வாரங்கள் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டினால் பொதுவாக மாத்திரை தருவார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் காத்திருப்பது சரியல்ல. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் நடக்கிறது. ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரைப் பார்த்து டோஸை சரிபார்க்க வேண்டும்.

காபிக்கு முன்பா, பின்பா?

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில்தான் போட வேண்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. 'மாத்திரை போட்டும் குறையலையே' என்று வருபவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும்.