டிராக்டர் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? உப்புக் கடலோர விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மழை ஓய்ந்து நிலம் பதமாக இருப்பது சில நாட்கள்தான். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு டிராக்டர் நின்றுவிட்டால், ஒரு நாள் உழவு போய்விடும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் போன்ற உப்பளக் கடலோரங்களில் இந்தத் தொல்லை சற்று அதிகம். உடனே பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்க வேண்டாம். குறை ஒயரிலோ டைனமோவிலோ இருந்தால் புதிய பேட்டரியும் அதேபோல் இறங்கிவிடும். முதலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, காரணத்தைக் கண்டுபிடியுங்கள். டிராக்டர், லோடு வண்டி, கார் ஆகிய அனைத்துக்கும் இம்முறை பொருந்தும்.

கடலோரத்தில் ஏன் அதிகம்?

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பேட்டரியின் மேல்மூடியில் உப்பும் தூசியும் படிந்து ஈரமானால், அந்தப் படலத்தின் வழியாக இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் சிறிது சிறிதாகக் கசியும். இதே உப்பு எர்த் ஒயர் பொருத்திய இடத்தைத் துருப்பிடிக்க வைக்கும். மேலும், மழைக்காலத்தில் உப்பளப் பணி நிற்பதால், உப்பு ஏற்றும் வண்டிகள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கின்றன. நிற்கும் வண்டியின் பேட்டரி தானாகவே இறங்கும்.

படி 1: கசிவைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு ஒயரை நெகட்டிவ் முனையிலும் சிவப்பு ஒயரை பேட்டரியின் மேல்மூடியிலும் தொடுங்கள். வோல்ட் காட்டினால் மூடி வழியாக மின்சாரம் கசிகிறது.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து உலர விடுங்கள். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒயரை இறுக்கமாக மாட்டிய பின் மேலே வாசலின் தடவுங்கள்.

படி 2: தண்ணீர் மட்டம்

மூடி திறக்கும் வகை பேட்டரியில், ஈயத் தகடுகள் வெளியே தெரியக் கூடாது. குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பு தகடுகளை அரித்து, பேட்டரி தானாக இறங்குவதை வேகப்படுத்தும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது.

படி 3: பேட்டரியின் நிலை

வண்டியை ஓட்டாமல், சார்ஜ் செய்யாமல் ஓர் இரவு விட்டு, காலையில் வோல்ட் பாருங்கள்.

- 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்
- 12.4: சுமார் முக்கால்
- 12.2: சுமார் பாதி
- 12.0-க்குக் கீழ்: ஏறக்குறைய காலி

குறைவாக இருந்தால் முழுமையாக சார்ஜ் செய்து மீண்டும் பாருங்கள். 75 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 7.5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வைக்க வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அருகில் பீடி, தீப்பெட்டி கூடாது.

படி 4: டைனமோ

இன்ஜினை ஓட விட்டு, சற்று வேகம் கூட்டி, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சரி. 13-க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்வு, ஒயர் இணைப்பு, டைனமோ என்ற வரிசையில் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. தண்ணீர் சீக்கிரம் வற்றும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், டைனமோவே கெட்டுப்போகும்.

படி 5: எர்த் ஒயர்

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். கறுப்பு ஒயரை நெகட்டிவ் முனையிலும் சிவப்பு ஒயரை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, மற்றொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து இறுக்குங்கள். ஒயரின் உள்ளே பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 6: நிற்கும்போது இறங்கினால்

சாவியை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே 12 வோல்ட் சிறு பல்பை இணையுங்கள். பல்பு தொடர்ந்து எரிந்தால் எங்கோ மின்சாரம் போகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ அந்த இணைப்பில்தான் பழுது. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தாலே நாளொன்றுக்கு சுமார் 10 ஆம்பியர்-மணி போகும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலியாகிவிடும்.

எப்போது மாற்றலாம்?

முழு சார்ஜ் செய்த பிறகும் மறுநாள் வோல்ட் விழுந்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ, ஹைட்ரோமீட்டரில் செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பேட்டரியை மாற்றலாம்.

மழைக்கால எச்சரிக்கை

வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை முழு சார்ஜ் செய்யுங்கள். இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வந்த வெள்ளம் இப்பகுதி மக்களுக்கு நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்ப வேண்டாம். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் மெக்கானிக்கிடம் பிரித்து உலர்த்தி, இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளதா என்று பார்த்த பிறகே இயக்குங்கள்.

மாதம் ஒருமுறை மூடியைத் துடைப்பது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, எர்த் போல்ட்டை இறுக்குவது ஆகிய மூன்றையும் செய்துவந்தால் உப்புக் காற்றிலும் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.