கால் டாலருக்கு ஓர் உயிர்

1903-ம் வருஷம். நியூயார்க்கின் கோனி தீவு. ராட்டினம், சர்க்கஸ், வித்தைக்காரர்கள் என்று ஜேஜே கூட்டம். நடுவே ஒரு கட்டடம். டிக்கெட் 25 சென்ட். உள்ளே போனால் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குறைமாதக் குழந்தை. அத்தனையும் நிஜம்!

பச்சைக் குழந்தை என்ன பொருட்காட்சிச் சாமானா என்று கோபம் வருகிறதல்லவா? அன்றைக்கும் வந்தது. குழந்தையை வைத்துக் காசு பார்க்கிறான் என்று மார்ட்டின் கௌனியைத் திட்டினார்கள். ஆனால், அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்குபேட்டரே கிடையாது. மாதம் முந்திப் பிறந்ததா? பிழைக்காது, விட்டுவிடு. அவ்வளவுதான் வைத்தியம். பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? பொருட்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கௌனியின் கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு குழந்தைக்கு ஒரு நாள் செலவு சுமார் 15 டாலர். பெற்றோரிடம் காலணா வாங்க மாட்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தரும் சில்லறைதான் வரவு. அதில்தான் நர்ஸுகள், வெதுவெதுப்பான பெட்டி, வடிகட்டிய காற்று, தாய்ப்பால் கொடுக்கச் சம்பளத்துக்குப் பெண்கள் எல்லாம். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குக் கரண்டியால் மூக்கு வழியே சொட்டுச் சொட்டாகப் பால். ஷோவுக்காக ஒரு நர்ஸ் தன் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் கையில் வளையலாக மாட்டிக் காட்டுவார். அத்தனை பொடிசு!

1907-ல் கௌனிக்கே மகள் குறைமாதத்தில் பிறந்தாள். எடை சுமார் 3 பவுண்டு. ஒன்றரைக் கிலோகூட இல்லை. அவளுக்கும் அதே பெட்டிதான். வளர்ந்து, அப்பாவிடமே நர்ஸாகச் சேர்ந்தாள்.

சரி, பிழைத்தால் போதுமா? மற்ற குழந்தைகள் மாதிரி வளருமா? அதற்குப் பதில் 1934 ஜூலையில் கிடைத்தது. முந்தைய வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெட்டிக்குள் இருந்தவை 58 குழந்தைகள். அதில் 41 பேர் அம்மாக்களோடு அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். நேற்று உள்ளங்கையளவு. இன்று அம்மா இடுப்பில்!

1943-ல் நியூயார்க்கின் ஒரு பெரிய ஆஸ்பத்திரி குறைமாதக் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. கௌனி கோனி தீவில் கடையை மூடினார். சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேரைக் காப்பாற்றினார் என்பது கணக்கு.

ஒரு விஷயம் மிச்சம். 'டாக்டர்' கௌனி மருத்துவம் படித்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. பட்டம் அவராகப் போட்டுக்கொண்டதாக இருக்கலாம். வளர்ந்து ஆளான குழந்தைகள் மட்டும் அசல்.