உப்பும் இடுப்புச் சுற்றளவும் இரத்த அழுத்தமும்: நோயாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவை தனித்தனி நோய்களாகப் பெயரிடப்பட்டிருப்பினும், பலருக்கு ஒரே உடலில் ஒன்றை அடுத்து மற்றொன்றாகத் தோன்றுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 20 வயதைக் கடந்தவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும், 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் உள்ளன. இவற்றைக் கட்டுப்படுத்தாவிடில் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஏற்படக்கூடும். அன்றாட உணவும் உடலுழைப்பும் இந்நோய்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும், வீட்டளவில் எதை மாற்றலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

எந்த அளவு மிகுதி?

மருத்துவமனையில் வெவ்வேறு நாள்களில் அளக்கும்போது இரத்த அழுத்தம் 140/90 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பின் அது உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படும். வீட்டில் அளப்பவர்களுக்குச் சராசரி 135/85 என்பதே எல்லை. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, தேநீர், புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். பேருந்தில் இருந்து இறங்கி விரைந்து வந்தவுடன் எடுத்த அளவை நம்பி மருந்தை மாற்றுதல் கூடாது.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைக் கடக்கலாகாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், ஆடையின்மேல் அன்றி உடலின்மேல் நாடாவை வைத்து அளக்க வேண்டும். கை கால்கள் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருப்பதை நம்மவர்கள் பருமனாகக் கருதுவதில்லை. ஆனால் தீங்கு மிகுதியாக விளைவிப்பது அந்தக் கொழுப்பே.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

உப்பில் உள்ள சோடியம் நீரைத் தன்னுடன் இருத்திக்கொள்ளும் தன்மையுடையது. உட்கொண்ட சோடியத்தைச் சிறுநீரகங்கள் முழுமையாக வெளியேற்ற இயலாதபோது, குழாய்களில் ஓடும் நீர்மத்தின் அளவு கூடி, அழுத்தம் உயர்கிறது. வயிற்றின் உட்பகுதியில் சேரும் கொழுப்பு இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கிறது. அதனை ஈடுசெய்ய உடல் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அவ்வாறு மிகும் இன்சுலின், சிறுநீரகங்களைச் சோடியத்தைத் தேக்கிவைக்கத் தூண்டுகிறது. எனவே பருத்த வயிறுடையவருக்கு உப்பு இரட்டைச் சுமையாகிறது. எடை குறையும்போது இதற்கு எதிர்மாறானது நிகழ்கிறது: ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு தோராயமாக 1 மி.மீ. இறங்கும்.

உங்கள் வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது?

ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அளவாகும். "எங்கள் வீட்டில் உப்பு குறைவாகத்தான் போடுகிறோம்" என்று கூறாத குடும்பம் அரிது. அதனைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மீதே எழுதி, தீரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நால்வர் உண்ணும் வீட்டில் அது 50 நாள்கள் வர வேண்டும். 25 நாள்களில் தீர்ந்தால், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 10 கிராம் செலவாகிறது, அதாவது பரிந்துரையைப் போல் இரு மடங்கு. காய்கறி கழுவவும் மீன் அலசவும் பயன்படுத்தும் உப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் கணக்கு பிழையாகாது.

கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேராது. அப்பளத்திலும் பஜ்ஜி மாவிலும் சேர்க்கப்படும் சோடா உப்பு நாவுக்குக் கரிக்காது, எனினும் அதுவும் சோடியமே. கல் உப்பும் இந்துப்பும் தீங்கற்றவை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவையும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. மேலும், அயோடின் சேர்க்கப்படாத வகைகளைத் தொடர்ந்து உண்டால் அயோடின் குறைபாடும் நேரலாம்.

நம் உணவில் உப்பு ஒரே இடத்தில் சேர்வதில்லை. இட்லி மாவில், சட்னியில், குழம்பில், இரசத்தில், பொரியலில், கடைசியாக மோரில் என ஆறு இடங்களில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் சிறிதளவு குறைப்பது, ஏதேனும் ஒன்றை உப்பின்றி உண்பதைவிட எளிது. மோருக்கு உப்பு தேவையில்லை. கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயத்தூள் போதும் (கட்டிப் பெருங்காயத்திலும் உப்பு இல்லை). பொரியலை இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உப்புக் குறைவு பெரிதும் தெரியாது. நாக்கு புதிய சுவைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால், குடும்பத்தினர் ஊறுகாய் ஜாடியை நாடுவர்.

நோயாளருக்கு மட்டும் தனிச் சமையல் செய்வது நெடுநாள் நீடிப்பதில்லை. தனித் தட்டில் சப்பென்று உண்ணும் முதியவர், ஒதுக்கப்பட்டதாக எண்ணி உணவையே குறைத்துக்கொள்ளவும் கூடும். உப்புக் குறைந்த ஒரே குழம்பை அனைவரும் உண்பதே சரியான வழி. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நன்மையே.

குறைந்த சோடியம் உப்பு: யாருக்கு ஆகாது?

சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் நடத்தப்பட்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆயினும் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இதனால் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதனை வாங்கலாகாது. இளநீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சோற்றின் அளவும் நடையும்

மூன்று வேளையும் அரிசியை மையமாகக் கொண்ட உணவில், தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றாகவும், எஞ்சிய கால் பங்கு சோறாகவும் இருக்கட்டும். கேழ்வரகுக்கும் கம்புக்கும் மாறினாலும் அளவு முக்கியம்: மூன்று உருண்டை களி, ஒரு தட்டுச் சோற்றைவிடக் குறைவான ஆற்றலைத் தரும் என எண்ணுதல் தவறு. வாரத்திற்கு 150 நிமிடங்கள், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். புகையிலையை முற்றிலும் கைவிட வேண்டும். மதுவும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

எடை மிகுந்தோர் பலர் மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்கின்றனர். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தி, சிறுநீரகங்களையும் பாதிக்கக்கூடும். மருந்து உட்கொண்டும் அழுத்தம் இறங்காதவர்கள் இதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

அளவு சீரானதும் மாத்திரையை நிறுத்திவிடுவதே மிகுதியும் காணப்படும் தவறாகும். மருந்தின் துணையால்தான் அளவு சீராக உள்ளது. பலருக்கு நிறுத்திய சில நாள்களிலோ வாரங்களிலோ அது மீண்டும் உயரும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாததால், உயர்ந்ததை அவர் உணரமாட்டார். உப்பும் எடையும் குறைந்து, அளவு பல மாதங்கள் தாழ்ந்தே இருந்தால், மருந்தின் அளவைக் குறைப்பது குறித்து மருத்துவர் முடிவு செய்வார். எழும்போது தலைசுற்றல் ஏற்பட்டாலும், நிறுத்தாமல் முதலில் அவரை அணுகவும்.

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. நேரில் வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே அளவு பார்த்து மருந்து அளிக்கப்படுகிறது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே பணியாளரிடம் தெரிவிப்பது நல்லது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 என்ற எண்ணை உடனே அழைக்கவும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். ஆகையால் அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நோயாளர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லவும். அறிகுறி ஏதுமின்றி அளவு மட்டும் 180/120 எனக் காட்டினால், ஐந்து நிமிடம் அமர்ந்து மறுபடி அளந்து, அப்போதும் அவ்வாறே இருப்பின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கூடுதலாக ஒரு மாத்திரையைத் தாமாகவே விழுங்குதல் கூடாது.