மெட் ஓப்பரா திரையரங்கு நேரலை

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கில் சனிக்கிழமை மதியம் நடக்கும் நிகழ்ச்சியை, அது நடந்துகொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் வழியாகப் பல நாட்டுத் திரையரங்குகளில் காட்டும் தொடர் இது. ஆங்கிலத்தில் ‘லைவ் இன் எச்டி’ என்று பெயர். 2006 டிசம்பர் 30 அன்று தொடங்கியது. ஒரு சீசனுக்கு ஆறு முதல் பன்னிரண்டு ஓப்பராக்கள் வரை திரைக்கு வந்திருக்கின்றன.

புதுமை என்று கொண்டாடப்பட்டாலும் இதன் வேர் பழையது. 1910 ஜனவரியிலேயே வானொலி முன்னோடி லீ டி ஃபாரஸ்ட் இந்த அரங்கிலிருந்து என்ரிக்கோ கரூசோவின் குரலைச் சோதனையாக வானொலியில் ஒலிபரப்பினார். 1931 கிறிஸ்துமஸ் நாளில் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ முழுதாக ஒலிபரப்பானது. அதன் பிறகு சனிக்கிழமை மதிய ஓப்பரா அமெரிக்க வீடுகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. 1940 முதல் 2004 வரை அதற்குப் புரவலர் டெக்சகோ எண்ணெய் நிறுவனம். ஓப்பரா அரங்கையே கண்ணால் பார்த்திராத பல தலைமுறை ரசிகர்களை வளர்த்தது அந்த வானொலிதான். திரையரங்கு நேரலைக்கும் அதே சனிக்கிழமை, பெரும்பாலும் அதே பகல் ஒரு மணி வாய்த்தது தற்செயல் அல்ல.

திரையரங்கையும் மெட் முன்பே ஒருமுறை முயன்று பார்த்தது. 1952 டிசம்பர் 11 இரவு, ரீசா ஸ்டீவன்ஸ் பாடிய ‘கார்மென்’ 27 நகரங்களில் உள்ள 31 திரையரங்குகளுக்குத் தனிக் கம்பித்தடம் வழியே போனது. மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். யோசனை நல்லதுதான், கருவிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பிறகு தொலைக்காட்சியின் காலம் வந்தது. 1977 மார்ச்சில் பவரோட்டியும் ரெனாட்டா ஸ்கோட்டோவும் பாடிய ‘லா போயெம்’ பொதுத் தொலைக்காட்சியில் நேரலையானது.

2006 ஆகஸ்டில் பீட்டர் கெல்ப் மெட்டின் பொது மேலாளரானார். அதற்குமுன் சோனி நிறுவனத்தின் செவ்வியல் இசைப் பிரிவை நடத்தியவர். ரசிகர்களுக்கு வயதாகிக்கொண்டே போவதும் இருக்கைகள் காலியாவதும் அவர் கண்முன் இருந்தன. அவர் செய்த முதல் வேலை தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல, தொழிற்சங்கங்களோடு பேசியது. ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் முன்பணமாகப் பெருந்தொகை கொடுப்பதற்குப் பதில் வருவாயில் பங்கு என்று உடன்பாடானது. அந்த ஒப்பந்தம் இல்லையென்றால் இந்தத் தொடரே கிடையாது.

முதல் சீசனில் ஆறு ஓப்பராக்கள். தொடக்கம் மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’. ஜூலி டேமோர் இயக்கியது. குடும்பத்தோடு வருபவர்களுக்காக ஆங்கிலத்தில், சுருக்கப்பட்ட வடிவில். அடுத்து ஆனா நெட்ரெப்கோவின் ‘பியூரிட்டானி’. மூன்றாவதாக டான் டன்னின் ‘முதல் பேரரசர்’, மேடையேறி மூன்றே வாரமான புத்தம்புதுப் படைப்பு. பிளாசிடோ டொமிங்கோ சீனப் பேரரசராக வந்தார். பிறகு ‘யூஜின் ஒனேகின்’, ‘செவில் நகர நாவிதன்’, மூன்று குறு ஓப்பராக்கள் ஒரே நிகழ்ச்சியாகச் சேர்ந்த பூச்சினியின் ‘டிரிட்டிக்கோ’. தொடக்கத்தில் சுமார் நூறு திரையரங்குகள். பிந்தைய ஆண்டுகளில் 70 நாடுகள், 2,000 திரையரங்குகள் என்று பெருகியது.

மைக் இல்லாமல் பாடுவது ஓப்பராவின் மரபு. சுமார் 3,800 பேர் அமரும் மெட் அரங்கில், முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்கு எட்டியாக வேண்டும். பாடகரை எடைபோடுவதே அதை வைத்துத்தான். திரையரங்கில் அந்த அளவுகோல் செல்லாது. மறைத்து வைத்த மைக்குகள் பெரிய குரலையும் சின்னக் குரலையும் ஒன்றாக்கிவிடுகின்றன. மாறாக முகம் பெரிதாகிறது. மேடையின் முன்விளிம்பில் தண்டவாளம் போட்டு ஓடும் தானியங்கி கேமரா, உச்ச ஸ்தாயியில் நடுங்கும் நாக்கையும் நெற்றி வியர்வையில் கரையும் ஒப்பனையையும் காட்டிவிடும். தோற்றத்துக்காகப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற புகார் அதனால் எழுந்தது. முற்றிலும் பொய்யென்று தள்ள முடியாது.

இடைவேளைதான் இந்தத் தொடரின் தனிச் சொத்து. அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கிய பாடகர், மூச்சு வாங்கியபடி, கையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். ரெனே ஃபிளெமிங், டெபோரா வாய்ட் போன்ற சக பாடகியே அவரைப் பேட்டி காண்பார். பின்னால் பணியாளர்கள் ஒரு அரண்மனையைப் பிரித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பல ஆயிரம் செலவழித்து அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

நேரலை என்றால் விபத்துக்கும் இடம் உண்டு. 2011 மே மாதம் ‘வால்கியூரி’, இயக்குநர் ரோபேர் லெபாஜ் பயன்படுத்திய 45 டன் மேடை இயந்திரம் முரண்டு பிடித்ததால் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானது. உலகம் முழுவதும் ரசிகர்கள் காத்திருந்தார்கள். 2014 ஏப்ரல் 5 அன்று காலை ஏழரை மணிக்கு, முந்தைய இரவு ‘மடாம் பட்டர்ஃபிளை’ பாடிவிட்டு விடியும் நேரத்தில்தான் உறங்கப் போயிருந்த கிறிஸ்டினே ஒபோலைஸுக்கு அழைப்பு வந்தது. ‘லா போயெம்’ நாயகிக்குக் காய்ச்சல், மதியம் நேரலை. முதலில் மறுத்துவிட்டு, சில நிமிடங்களில் அவரே திரும்ப அழைத்துச் சம்மதித்தார். பதினெட்டு மணி நேரத்துக்குள் இரண்டு முக்கியப் பாத்திரங்கள். அவர் பாடியது குறையற்றதா என்று யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு கசப்பான ஒன்றும் நடந்தது. ஜான் ஆடம்ஸின் ‘கிளிங்ஹாஃபரின் மரணம்’, 1985இல் பாலஸ்தீன ஆயுதக்குழு கடத்திய கப்பலில் கொல்லப்பட்ட யூத முதியவரைப் பற்றியது. யூத அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு கெல்ப் அதன் திரையரங்கு ஒளிபரப்பைக் கைவிட்டார். மேடையில் மட்டும் நடத்தினார். உள்ளூர் மேடையில் பொறுத்துக்கொள்ளும் ஒன்று உலகத் திரையில் ஆபத்தானது என்ற இந்தக் கணக்கு எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள் இரு தரப்பையும் திருப்திப்படுத்தவில்லை.

இந்தியாவுக்கு நேரம்தான் தடை. நியூயார்க்கில் பகல் ஒரு மணி என்றால் இங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. மும்பையின் என்சிபிஏ (தேசிய நிகழ்த்துகலை மையம்) அரங்கில் பதிவுகளைத் திரையிட்டு வந்திருக்கிறார்கள். இந்தியத் தொடர்புள்ள படைப்பான பிலிப் கிளாஸின் ‘சத்தியாகிரகா’ 2011 நவம்பரில் இத்தொடரில் இடம்பெற்றது: தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியைப் பற்றியது, பகவத்கீதையின் சமஸ்கிருதத்திலேயே பாடப்படும் ஓப்பரா.

லண்டனின் ராயல் ஓப்பராவும் மாஸ்கோவின் போல்ஷோய் பாலேயும் இதே வழியில் திரையரங்குக்கு வந்தன. 2009இல் பிரிட்டனின் நேஷனல் தியேட்டர் நாடகத்தையும் கொண்டுவந்தது. இதற்கிடையே மெட்டுக்கே ஒரு சங்கடம்: பக்கத்து ஊர்க்காரர்கள் நியூயார்க் வருவதை விட்டுவிட்டு வீட்டருகே உள்ள திரையரங்கோடு நின்றுவிடுகிறார்களா என்று கெல்ப்பே கவலைப்பட்டார். புதிய இளம் ரசிகர்கள் என்ற எதிர்பார்ப்பும் பெரிதாகப் பலிக்கவில்லை. ஏற்கெனவே ஓப்பரா அறிந்த நடுவயது, முதுவயதுக்காரர்களே பெரும்பாலும் வந்தார்கள்.

2020 மார்ச் 12 அன்று பெருந்தொற்றால் அரங்கு மூடியது. நான்கே நாளில், சேர்த்து வைத்த திரையரங்குப் பதிவுகளை இரவுக்கு ஒன்றாக மெட் இணையத்தில் இலவசமாக விடத் தொடங்கியது. 2021 அக்டோபரில் ‘போரிஸ் கொடுனோவ்’ வழியாக நேரலை மீண்டது. அதே மாதம் டெரன்ஸ் பிளான்சர்டின் ‘ஃபயர் ஷட் அப் இன் மை போன்ஸ்’ திரைக்கு வந்தது. மெட்டில் மேடையேறிய முதல் கறுப்பின இசையமைப்பாளர் அவர்.