ஈழத்து மலேரியாவும் மக்கள் விழிப்பும்

கொள்ளைநோய் பரவுங்காலத்தில் மக்கள் விழிப்படைதல் இயல்பே. அவ்வேளையில் அச்சமே ஆசானாகின்றது. ஆயின், நோய் தணிந்த பின்னரும் அவ்விழிப்பு நிலைக்கின்றதா என்பதே ஆராயத்தக்க வினாவாகும். இலங்கை கண்ட மலேரியாவின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கின்றது.

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் ஓட்டம் தடைப்பட, ஆற்றுப்படுக்கைகளெங்கும் குட்டைகள் தேங்கின. அவற்றிலே அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. வரண்ட வலயத்து மக்களைப் போலன்றி, ஈர வலயத்தை அண்டி வாழ்ந்தோர் இந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கவில்லை. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பேரழிவுக்குள்ளாயின. சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மடிந்தன.

இவ்வழிவு அறியாமையால் மட்டும் நேர்ந்தது எனக் கூறமுடியாது. நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியை றொனால்ட் றொஸ் 1897 இலேயே கண்டறிந்திருந்தார். குருநாகலில் 1911 இலேயே மலேரியா எதிர்ப்புப் பணி தொடங்கியிருந்தது. ஆயினும் அவ்வறிவு ஏழையின் குடிசையை எட்டவில்லை. எட்டியவிடத்தும் அதன்படி ஒழுக வறுமை இடந்தரவில்லை. பசித்த வயிற்றுக்குக் கொயினா மட்டும் போதாது என்பதை உணர்ந்த சூரியமல் இயக்கத்தினர், கிராமங்களுக்குச் சென்று மருந்தோடு உணவும் வழங்கினர். என். எம். பெரேரா 'பருப்பு மாத்தயா' என அழைக்கப்பட்டமை அப்பணியின் நினைவாகும்.

1940 களின் பிற்பகுதியில் வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. நோய் விரைந்து குறைந்தது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கைகூடிவிட்டதென்ற எண்ணம் பரவவே, மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 இல் மீண்டும் தலைதூக்கிய மலேரியா, 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. நுளம்பும் டி.டி.ரி.யைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. 1934 இல் அறிவு மக்களைச் சென்றடையவில்லை. 1963 இன் பின்னரோ அடைந்த அறிவு கைநழுவவிடப்பட்டது. பின்னையதே பெருந்தவறு எனலாம்.

இழந்ததை மீட்கப் பல தசாப்தங்கள் சென்றன. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012 இல் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது வளர்வதற்கு வற்றிய ஆறு வேண்டியதில்லை. வீட்டுக் கிணறே போதும்.

எனவே, இன்று தடுப்புப் பணி சுகாதாரப் பரிசோதகருக்கு மட்டும் உரியதன்று. கிணற்றை வலையிட்டு மூடுவதும், நோயுள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியோர் காய்ச்சல் கண்டவுடன் இரத்தத்தைப் பரிசோதிப்பதும் சிறு செயல்களே. நோயைக் கண்டிராத தலைமுறைக்கு அவை வீண் வேலையாகத் தோன்றலாம். அத்தலைமுறைக்கு 1934 ஐயும் 1963 ஐயும் நினைவூட்டுவது வரலாறு பயிலும் எமது கடனாகும்.