தாமரைக் கோபுரத்தில் ஏறும் முன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை

கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா என்றால், இப்போது எங்கள் கரையோரப் பாடசாலைகளின் பட்டியலில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அடுத்ததாகத் தாமரைக் கோபுரம் வந்துவிடுகிறது. இரவு கல்முனையில் பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, வரிசையில் நின்று, லிஃப்டில் ஏறி, படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த உயரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

கொழும்பில் உயரம் முதலில் கப்பலோட்டிகளுக்குத்தான் தேவைப்பட்டது. கோட்டையில் 1857இல் கட்டப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தின் உயரம் 29 மீட்டர்தான். 1860களில் அதுவே வெளிச்சவீடாகவும் ஆனது. பிறகு சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி அதன் வெளிச்சத்தை மறைத்துவிட்டன. 1952இல் விளக்கை அணைத்தார்கள். கோபுரம் இன்னும் சந்தியில் நிற்கிறது, நேரம் மட்டும் காட்டுகிறது.

அடுத்தது எங்களுக்கு நெருக்கமானது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார், எங்கள் பெரியவர்கள் சொல்லும் சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு கட்டி முடித்தார்கள். பணம் போட்டவர்கள் தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள். கட்டியவர் சாய்பு லெப்பை, கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகளுக்கு அதன் மினாராக்களே அடையாளமாக இருந்தன என்று சொல்வார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடை வைத்திருப்பவர்கள் சாமான் எடுக்கப் போவதும் அந்தத் தெருக்களுக்குத்தான்.

பிறகு உயரம் பணத்தின் அடையாளமானது. 39 மாடிகள் கொண்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 1997 ஒக்டோபர் 12இல் திறக்கப்பட்டன. மூன்றாம் நாள், ஒக்டோபர் 15இல், பக்கத்தில் லொறிக் குண்டு வெடித்தது. உயிர்கள் போயின. யுத்த காலத்தில் உயரமான கட்டடம் இலக்காகவும் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

யுத்தம் முடிந்த பின் வந்தது தாமரைக் கோபுரம். பேர வாவிக் கரையில் 2012இல் வேலை தொடங்கியது. உயரம் சுமார் 350 மீட்டர். எங்கள் சகோதரர்கள் துபாயில் பார்க்கும் புர்ஜ் கலீபா 828 மீட்டர். அதில் பாதிகூட இல்லை. அதைப் போல மாடி மாடியாக ஆட்கள் இருக்கும் கட்டடமும் அல்ல, தொலைத்தொடர்புக்கும் ஒளிபரப்புக்கும் என்று எழுப்பியது. செலவு 104 மில்லியன் டொலருக்கு மேல். பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கியின் கடன்.

2019 செப்டம்பரில் திறப்பு விழா நடந்தது. ஆனால் பொதுமக்கள் ஏறியது 2022 செப்டம்பர் 15இல்தான். அந்த ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். அதற்கு இரண்டு மாதத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். அந்தக் கடனில் ஒலுவில் மீனவருக்கும் அக்கரைப்பற்று விவசாயிக்கும் பங்கு இருக்கிறது. கடையில் ஒரு பால்மாப் பெட்டி வாங்கும்போது கொடுக்கும் வரியும் அதற்குள் அடங்கும். அவர்களுடைய பிள்ளைகள் அதன் உச்சியில் நிற்பது உரிமை.

ஆனால் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மேலே போனதும் பிள்ளைகளை முதலில் புறக்கோட்டைப் பக்கம் பார்த்து சம்மாங்கோட்டுப் பள்ளியைத் தேடச் சொல்லுங்கள். பிறகு கோட்டைப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தேடட்டும். கண்ணுக்குப் படாவிட்டால் ஏன் படவில்லை என்று கேளுங்கள். கடைசியாக, இதைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது, யார் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை வகுப்புக்கு வந்து எழுதட்டும். படம் எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.